ஒமாஹா சுற்றுப்போட்டியில் பெரிய கை வந்தும் ஏன் வெளியேறுகிறோம்?

தம்பி, உம்முடைய கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஹோல்டெம் போக்கர் ஆடிப் பழகிவிட்டு இப்போது நாலு சீட்டுப் போக்கரான பொட்-லிமிட் ஒமாஹா சுற்றுப்போட்டிகளில் இறங்கியிருக்கிறீர். ஏஸ் ஜோடி வருகிறது, ஃப்ளொப்பில் (மேசையில் முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டில்) செட் (கையில் உள்ள ஜோடியோடு அதே சீட்டு மூன்றாவதாகச் சேர்வது) விழுகிறது, சில நேரம் ஸ்ட்ரெயிட்டே (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) முழுதாக அமைந்துவிடுகிறது. அந்தக் கைகளில்தான் சிப்ஸ் முழுவதையும் கொடுத்துவிட்டு எழும்புகிறீர். இது அதிர்ஷ்டக் குறைவா, ஆட்டப் பிழையா என்பது முதல் கேள்வி. கடைசியாக 25 பிளைண்ட் (ஆட்டத்துக்கு முன் கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயத்தைப் போல 25 மடங்கு சிப்ஸ்) மிச்சம் இருந்தபோது பெரிய பிளைண்டில் (அந்தப் பந்தயம் வைக்கும் இடத்தில்) ஏஸ், ஏஸ், 8, 3 வந்தும் வெறும் கோல் பண்ணிவிட்டு (எதிராளி போட்டதற்குச் சமமாகப் போட்டுவிட்டு) ஃப்ளொப் பார்த்தது சரியா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் ஆட்டப் பிழை. கை இப்போது முன்னால் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் காசைத் தள்ளுகிறீர். எதிராளிக்குத் தேவையான சீட்டு விழுந்த பிறகும் எனக்கு ஒரு வழி மிஞ்சுமா, பொட்டோடு (நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத்தோடு) ஒப்பிட்டால் எங்கள் இருவர் முன்னாலும் இன்னும் எவ்வளவு சிப்ஸ் இருக்கிறது, இந்த இரண்டையும் பார்க்காமல் ஒமாஹாவில் பெரிய பொட் கட்டக்கூடாது.

எங்கள் ஊர் ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். வாசிகசாலைத் திண்ணையிலும் மதவடியிலும் செத்தவீட்டு இரவுகளிலும் 304 ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சின்னத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. கையில் துரும்பு அல்லாத ஒரு சின்னத்தின் ஜாக் இருக்கிறது என்று வையும். அந்தச் சின்னத்தில் அதை வெல்ல வேறு சீட்டே கிடையாது. இருந்தும் அதை இறக்க யோசிக்கிறோம் அல்லவா? யாரிடமாவது அந்தச் சின்னம் தீர்ந்திருந்தால் துரும்பு ஏழு ஒன்றைப் போட்டு வெட்டிவிடுவார், 30 புள்ளி அப்படியே போய்விடும். அந்தச் சின்னம் எத்தனை தரம் ஓடியது, துரும்பு எத்தனை வெளியே வந்தது என்று எண்ணிவிட்டுத்தான் ஜாக்கைத் தொடுவோம். பெரிய சீட்டு வேறு, பத்திரமான சீட்டு வேறு என்பது பத்து வயதிலேயே எங்களுக்குத் தெரியும். ஒமாஹாவில் பலமான பல கைகள் இந்த ஜாக்கைப் போன்றவை. ஹோல்டெம் பழக்கம் அதை மறக்கடித்துவிடுகிறது.

ஹோல்டெமில் கையில் இரண்டு சீட்டு, அதாவது இரண்டு சீட்டுச் சேர்க்கை ஒன்றே ஒன்று. ஒமாஹாவில் நாலு சீட்டு, அதில் கட்டாயம் இரண்டை எடுத்து மேசையில் உள்ள மூன்றோடு சேர்க்க வேண்டும். நாலிலிருந்து இரண்டை எடுக்க 6 வழி உண்டு. நாலு பேர் ஃப்ளொப் பார்த்தால் மேசையைச் சுற்றி 24 சேர்க்கைகள் உட்கார்ந்திருக்கின்றன. அதில் ஏதாவது ஒன்று ஃப்ளஷுக்கோ (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஸ்ட்ரெயிட்டுக்கோ போகாமல் இருப்பது அபூர்வம். அதோடு இது பொட்-லிமிட். பொட்டில் உள்ளதற்கு மேல் அடிக்க முடியாது. ஹோல்டெமில் செய்வதுபோல மொத்தத்தையும் தள்ளி எதிராளியை விரட்ட வழியில்லை. முழுப் பொட் அடித்தாலும் அவருக்கு வேண்டியது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். நல்ல ட்ரோ (இன்னும் ஒரு சீட்டு விழுந்தால் அமையும் கை) உள்ளவருக்கு அது மலிவு விலை.

இதை எனக்கு உறைக்கவைத்த ஒரு கையைச் சொல்கிறேன். நல்லூர்த் திருவிழா நேரம், ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் சிப்ஸ் பெட்டியோடு வந்திறங்கியிருந்தான். வீட்டு விறாந்தையில் இரண்டு மேசை போட்டு ஒரு சுற்றுப்போட்டி வைத்தோம். காசு இல்லை, ஆளுக்கு 20,000 சிப்ஸ், பிளைண்ட் 100/200. சின்னங்களை இங்கே எங்கள் வழக்கப்படி ஆடுதன், உறுவித்தன், கலாவரை, இஸ்கோப்பன் என்றே எழுதுகிறேன். ஒல்லாந்தர் விட்டுப்போன பெயர்கள். ஹார்ட்ஸ், டயமண்ட்ஸ், கிளப்ஸ், ஸ்பேட்ஸ் என்று பழகியவர்கள் அதே வரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இஸ்கோப்பன் 9, உறுவித்தன் 9, இஸ்கோப்பன் ராசா, உறுவித்தன் ராணி. 700க்கு ஏற்றினேன். பெரிய பிளைண்டில் இருந்த மச்சான் மட்டும் கோல் பண்ணினான். பொட் 1,500. ஃப்ளொப்பில் ஆடுதன் 9, ஆடுதன் 8, கலாவரை 4. எனக்கு மேல் செட். அந்த நேரத்தில் மேசையில் இதைவிடப் பெரிய கை யாரிடமும் இருக்க முடியாது. அவன் செக் (பந்தயம் வைக்காமல் விட்டான்). நான் 1,500. அவன் முழுப் பொட் ஏற்றி 6,000. எனக்கு ஒரு நொடி யோசனை கூட வரவில்லை. என் முன்னால் இருந்த 19,300ஐயும் தள்ளினேன். அவன் உடனே கோல். விரித்துப் போட்டான்: ஆடுதன் ஜாக், ஆடுதன் 10, கலாவரை 7, கலாவரை 6.

டேர்னில் (நாலாவது பொதுச் சீட்டாக) உறுவித்தன் 5. ரிவரில் (ஐந்தாவதாக) ஒரு ஏஸ், ஜோடி விழவில்லை. நான் வெளியே. முதல் மணித்தியாலம் கூட முடியவில்லை.

மேல் செட்டோடு போய்த் தோற்றேனே என்று மனம் ஆறவில்லை. அன்றிரவே மகளின் பழைய கணக்குக் கொப்பியை எடுத்து எண்ணத் தொடங்கினேன். இரண்டு கையும் ஃப்ளொப்பும் போக மிச்சம் 41 சீட்டு. அதிலிருந்து டேர்னும் ரிவரும் வரக்கூடிய வழிகள் 820. ராணி, ஜாக், 10, 7, 6, 5, இவற்றில் எது விழுந்தாலும் அவனுக்கு ஸ்ட்ரெயிட். நான் ஒரு ராணியை வைத்திருந்ததால் அப்படி 19 சீட்டு. அதோடு ஆடுதனில் ஏஸ், ராசா, 3, 2 இந்த நாலும் ஃப்ளஷ். ஆக 41இல் 23 சீட்டு டேர்னிலேயே அவனை முன்னால் கொண்டுபோகும். எனக்கு ஜோடி விழுந்து ஃபுல் ஹவுஸ் (ஒரே சீட்டு மூன்றும் இன்னொன்று இரண்டும்) ஆகும் வழிகள், அவனுக்கு ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் விழுந்து அதையும் வெல்லும் வழிகள், கலாவரை இரண்டு அடுத்தடுத்து விழுவது, ஜாக்கும் பத்தும் சேர்ந்து விழுந்து என் ராசா-ராணி பெரிய ஸ்ட்ரெயிட் ஆவது, எல்லாவற்றையும் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். 820இல் நான் வெல்வது 329. அவன் வெல்வது 491.

அதாவது அந்த நேரத்தில் மேசையில் ஆகப் பெரிய கையோடு சிப்ஸ் முழுவதையும் தள்ளிய எனக்கு இருந்த வாய்ப்பு 40 சதவீதம். கையில் ஒரு ஜோடி கூட இல்லாமல் கோல் பண்ணிய அவனுக்கு 60. தோற்றது அதிர்ஷ்டத்தால் அல்ல.

கொப்பியில் இன்னொரு கணக்கும் போட்டேன். எனக்கு உண்மையில் உதவியது அதுதான். அதே 9-9-ராசா-ராணி, அதே ஃப்ளொப், அதே எதிராளி. என்னுடைய ராசாவும் ராணியும் மட்டும் ஆடுதன் என்று வைத்தேன். இப்போது ஆடுதன் விழுந்தால் பெரிய ஃப்ளஷ் எனக்கு. அவனுக்கு உதவும் ஆடுதன் 7 ஒன்றுதான், அது ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ். திரும்ப எண்ணினால் 820இல் எனக்கு 483, அவனுக்கு 337. 40 சதவீதம் 59 ஆகிவிட்டது. ஃப்ளொப்பில் இருக்கும் கை இரண்டிலும் ஒன்றுதான், மேல் செட். பக்கத்தில் இருக்கும் இரண்டு சீட்டின் சின்னம் மாறியது, அவ்வளவுதான். இதைத்தான் ரீட்ரோ என்கிறார்கள். எதிராளி தன் சீட்டைப் பிடித்தாலும் நான் திரும்பிப் பிடிக்க வழி இருப்பது, அல்லது அவர் பிடிக்க நினைக்கும் சீட்டே எனக்கு வேலை செய்வது.

ஆகவே ஃப்ளொப்பில் பெரிய கை விழுந்ததும் உடனே பக்கத்துச் சீட்டு இரண்டையும் பாரும். செட்டோடு பெரிய ஃப்ளஷ் ட்ரோ இருக்கிறதா? எதிராளிக்கு வேண்டிய ஸ்ட்ரெயிட் சீட்டுகளில் ஒன்றிரண்டை நானே பிடித்து வைத்திருக்கிறேனா? இருந்தால் துணிந்து ஏற்றலாம், திரும்பவும் ஏற்றலாம். பக்கத்துச் சீட்டு இரண்டும் சும்மா உட்கார்ந்திருந்தால் அது வெறும் செட். மேசை 9-8-4 போல ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு ஒரே சின்னமும் இருந்தால் அந்த வெறும் செட்டோடு பொட்டைச் சிறிதாக வைத்திருக்க வேண்டும். ராசா-7-2 மூன்றும் வேறு வேறு சின்னத்தில் விழுந்திருந்தால் அதே மேல் செட்டோடு நான் எந்தக் கவலையும் இல்லாமல் அடித்துக்கொண்டே போவேன். அங்கே ஓட இடமில்லை.

இனி அந்தக் கையை நான் எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று பார்ப்போம். அவன் 6,000க்கு ஏற்றிய இடத்தில் பொட்டில் 9,000. நான் இன்னும் 4,500 போட்டால் கோல். எனக்குப் பின்னால் 13,300 மிஞ்சும், பொட் 13,500 ஆகும். கோலுக்கு வேண்டிய வாய்ப்பு மூன்றில் ஒன்று. அவனுடைய அந்தக் கைக்கு எதிராகக்கூட எனக்கு 40 இருக்கிறது. அவனிடம் எட்டு செட்டோ இரண்டு ஜோடியோ இருந்திருந்தால் இன்னும் மேல். ஆகவே கோல் சரி. இடமும் எனக்குச் சாதகம், டேர்னில் அவன்தான் முதலில் பேச வேண்டும்.

டேர்னில் 5 விழுந்தது. அவன் மிச்சத்தை எல்லாம் தள்ளியிருப்பான். இப்போது எனக்கு ஜோடி விழ வேண்டும். 9 ஒன்று, 8 மூன்று, 4 மூன்று, 5 மூன்று, ஆக 40இல் 10 சீட்டு, நாலில் ஒன்று. வேண்டியதோ மூன்றில் ஒன்று. சீட்டை மடக்கி வைத்துவிட்டு 13,300 சிப்ஸோடு, அதாவது 66 பிளைண்டோடு, ஆட்டத்தில் இருந்திருப்பேன். அவன் கையை நான் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஃப்ளொப்பில் முழுப் பொட் ஏற்றியவன் 5 விழுந்ததும் தள்ளுகிறான் என்றால் அவனிடம் ஸ்ட்ரெயிட் இருக்கிறது என்று வைத்துத்தான் ஆட வேண்டும். செட்டை மடக்குவது ஹோல்டெம்காரருக்கு நெஞ்சு வலிக்கிற வேலை. ஒமாஹாவில் அது சாதாரண வேலை, பழகிக்கொள்ளும்.

டேர்ன் வரை பொறுப்பதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. மச்சானுடைய கையை விடும், அது ராப் (கைச்சீட்டுகள் மேசைச் சீட்டுகளைச் சுற்றி அமைந்து ஸ்ட்ரெயிட்டுக்குப் பல வழி தரும் ட்ரோ) வகையிலேயே ஆகப் பெரியது. சாதாரணமாக எதிர்ப்படும் ஒரு 13 சீட்டு ராப்பை எடுத்துக்கொள்வோம். ஃப்ளொப்பில், இரண்டு சீட்டு இன்னும் வர இருக்கும்போது, அந்த 13இல் ஒன்றாவது விழும் வாய்ப்பு 54 சதவீதம். அதில் சில தடவை உமக்கு ஜோடி விழுந்து மீட்டுக்கொள்வீர் என்றாலும், நீர் முழுப் பொட் அடித்தாலும் அவருக்குக் கோல் மிகச் சரியான ஆட்டம். டேர்னில் உதவாத சீட்டு ஒன்று விழுந்த பிறகு பாரும்: மிச்சம் 40இல் 13, அதாவது 32.5. முழுப் பொட்டுக்குக் கோல் பண்ண 33.3 வேண்டும். ஃப்ளொப்பில் மலிவாக இருந்த அதே பந்தயம் டேர்னில் அவருக்கு நட்டக் கணக்காகிவிடுகிறது. ஆகவே பலமான, ஆனால் வெட்டுப்படக்கூடிய கைக்கு என் வழக்கம் இதுதான்: ஃப்ளொப்பில் பாதிப் பொட் அளவோ வெறும் கோலோ. பயமில்லாத டேர்ன் விழுந்தால் முழுப் பொட். பயமான டேர்ன் விழுந்தால் செக், பெரிய அடி வந்தால் ஃபோல்ட். பேச்சில் கடைசி ஆளாக இருந்தால் இது சுகமாக நடக்கும். முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் அரைகுறையாகத்தான் நடக்கும். அதனால்தான் முன் இடங்களில் இருந்து 9-9-ராசா-ராணி போன்ற கையை நான் இப்போது எடுப்பதே இல்லை.

அடுத்தது சிப்ஸ் ஆழம். மேலே சொன்ன பொறுமை எல்லாம் பின்னால் நிறையச் சிப்ஸ் இருக்கும்போதுதான் செல்லும். பொட் 1 என்றால் முழுப் பொட் அடி 1, கோல் வந்தால் பொட் 3, அடுத்த அடி 3, பொட் 9, கடைசி அடி 9. மூன்று சுற்றிலும் முழுதாக அடிக்க 13 பொட் அளவு ஸ்டாக் (முன்னால் உள்ள சிப்ஸ்) வேண்டும். இரண்டு சுற்றுக்கு 4. ஒரு சுற்றுக்கு 1. ஃப்ளொப் விழுந்ததும் என் ஸ்டாக்கைப் பொட்டால் வகுத்துப் பார்ப்பது எனக்கு இப்போது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. 10க்கு மேல் இருந்தால் வெறும் செட்டையும் மேல் இரண்டு ஜோடியையும் வைத்து முழு ஸ்டாக்கையும் போடுவது பெரும் பிழை. அவ்வளவும் போக எதிராளி சம்மதிக்கும்போது அவரிடம் இருப்பது உம்மை வெல்லும் கை அல்லது 60 சதவீத ட்ரோ. 1க்குக் கீழே இருந்தால் யோசிக்கவே தேவையில்லை. பொட் 10,000, உம்மிடம் 5,000, எதிராளி அதைத் தள்ளுகிறார் என்றால் நீர் 20,000க்காக 5,000 போடுகிறீர், நாலில் ஒன்று போதும். மச்சானுடைய அந்தப் பூதக் கைக்கு எதிராகவே 40 இருந்த செட்டை அங்கே மடக்கினால் அதுதான் பிழை.

சிலர் இங்கே தலைகீழாக ஆடுகிறார்கள். போட்டியின் தொடக்கத்தில், 100 பிளைண்ட் இருக்கும்போது, வெறும் செட்டோடு ஓல்-இன் (சிப்ஸ் முழுவதையும் தள்ளுவது). கடைசிக் கட்டத்தில், 15 பிளைண்ட் இருக்கும்போது, மேல் இரண்டு ஜோடியை வைத்துக்கொண்டு ஃப்ளஷ் பயத்தில் ஃபோல்ட். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம்: கையை மட்டும் பார்க்கிறார்கள், ஸ்டாக்கைப் பார்ப்பதில்லை.

சுற்றுப்போட்டிக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. இதைச் சரியாக விளங்கிக்கொள்ளும். நாலு பேர் மிச்சம், முதல் மூன்று இடத்துக்குத்தான் பரிசு, 50, 30, 20 என்று வைப்போம். நாலு பேரிடமும் சமமான சிப்ஸ். உம்முடைய பங்கின் மதிப்பு 100இல் 25. இப்போது ஒருவரோடு ஓல்-இன் போய் வென்று அவரை வெளியே அனுப்புகிறீர். சிப்ஸ் இரட்டிப்பு, ஆனால் மதிப்பு 50 ஆகிறதா? இல்லை. முதலாமிடத்துக்கு உமக்கு இப்போது பாதி வாய்ப்பு, இரண்டாமிடத்துக்கு மூன்றில் ஒன்று, மூன்றாமிடத்துக்கு ஆறில் ஒன்று. கூட்டினால் 38.33. தோற்றால் பூச்சியம். 38.33 பெறுவதற்காக 25ஐப் பணயம் வைக்கிறீர் என்றால் 65 சதவீதம் வெல்ல வேண்டும். ஆடுதன் ராசா-ராணி சேர்ந்த அந்த நல்ல செட்டுக்கே 59தான் இருந்தது! பொட்டில் ஏற்கனவே விழுந்துகிடக்கும் சிப்ஸ் அந்த 65ஐக் கொஞ்சம் இறக்கும், உண்மைதான். ஆனாலும் ஒமாஹாவில் 65 சதவீதக் கை என்பது எப்போதாவது கிடைப்பது. ஆகவே பரிசு வாசலில் நிற்கும்போது வெட்டுப்படும் கையோடு கோல் பண்ணுபவராக இருக்காதீர். அடிப்பவராக இரும். அதே 65 சதவீதக் கணக்கு அப்போது எதிராளியின் தலையில் ஏறுகிறது. 13 சீட்டு ராப் வைத்திருப்பவரும் அங்கே மடக்குவார், உம்முடைய செட் ரிவரைப் பார்க்காமலே வென்றுவிடும். உம்மிடம் சிப்ஸ் கூட, அவரிடம் குறைவு என்றால் இது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

வெறும் ஸ்ட்ரெயிட் பற்றியும் சொல்ல வேண்டும். உம்மைப் போன்றவர்களை இதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. ஃப்ளொப்பில் ஆடுதன் 9, ஆடுதன் 8, கலாவரை 7. உம்மிடம் ஜாக்-10, கூடவே ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டு. ஆகப் பெரிய ஸ்ட்ரெயிட் உம்முடையது. அடிக்கிறீர், எதிராளி ஏற்றுகிறார், நீர் ஏற்றுகிறீர், அவர் திரும்பவும் ஏற்றுகிறார். அவரிடமும் ஜாக்-10 இருக்கிறது, கூடவே ஆடுதன் ராசா-ராணி. இரண்டு சீட்டில் ஒரு ஆடுதனாவது விழ ஏறக்குறைய 40 சதவீதம். ஜாக்கோ பத்தோ விழுந்தாலும் ராணி இருப்பதால் பெரிய ஸ்ட்ரெயிட் அவருக்கு. ஒன்றும் விழாவிட்டால் பொட்டை இருவரும் பாதியாகப் பிரிப்பீர்கள். அதாவது அவர் பாதி அல்லது முழுது. நீர் பாதி அல்லது பூச்சியம். முழு ஸ்டாக்கையும் போட்டு உமக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பரிசு உம்முடைய காசு திரும்பி வருவது. பின்னால் நிறையச் சிப்ஸ் இருக்கும் ஆரம்பக் கட்டத்தில், நிதானமாக ஆடும் ஒருவர் இப்படித் திரும்பத் திரும்ப ஏற்றினால், ரீட்ரோ இல்லாத பெரிய ஸ்ட்ரெயிட்டை நான் ஃப்ளொப்பிலேயே மடக்கியிருக்கிறேன். கோலோடு நின்று டேர்னைப் பார்ப்பது அதைவிடச் சுலபம். ரிவர் விழுந்த பிறகு, மேசையில் ஃப்ளஷும் ஜோடியும் இல்லாவிட்டால், அதே ஸ்ட்ரெயிட்டோடு தாராளமாக அடியும். வெட்ட இனிச் சீட்டு இல்லை.

இரண்டாம் பெரிய ஃப்ளஷ், கீழ் செட், மேசையில் 9-9-4 கிடக்க 4-4 வைத்து வரும் சின்ன ஃபுல் ஹவுஸ், இவற்றுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். சிறிய பொட்டில் வெல்லும், பெரிய பொட்டில் தோற்கும். செக், கோல், அதற்கு மேல் போகாதீர்.

இனி ஏஸ் ஜோடி. நாலு சீட்டுக் கைகள் மொத்தம் 2,70,725. அதில் இரண்டு ஏஸாவது உள்ளவை 6,961. 39 கைக்கு ஒரு தடவை வரும். ஹோல்டெமில் 221க்கு ஒரு தடவைதான் வரும், வந்தால் அது ராசாக் கை. ஒமாஹாவில் ஏஸ் ஜோடி பெரும்பாலான ஒற்றைக் கைகளுக்கு முன்னால்தான் தொடங்கும், ஆனால் ஜாக்-10-9-8 போல அடுத்தடுத்து வந்து, இரண்டிரண்டாக ஒரே சின்னமும் உள்ள கைக்கு எதிராக அந்த முன்னிலை மிக மெல்லியது. உம்முடைய ஏஸ்-ஏஸ்-8-3இல் ஏஸோடு சேரும் சின்னமும் இல்லாவிட்டால் இன்னும் மெல்லியது. ஆகவே இந்தக் கையின் பெறுமதி முழுக்க ஸ்டாக்கின் ஆழத்தில் இருக்கிறது.

முன்னால் ஒருவர் முழுப் பொட், அதாவது 3.5 பிளைண்டுக்கு ஏற்றினார் என்று சொன்னீர். நீர் பெரிய பிளைண்டில். திரும்ப முழுப் பொட் ஏற்றினால் அது 11 பிளைண்ட். அவர் கோல் பண்ணினால் பொட் 22.5.

உம்மிடமும் அவரிடமும் 100 பிளைண்ட் இருந்தால் பின்னால் 89 மிஞ்சும், பொட்டைப் போல நாலு மடங்கு. இரண்டு முழு அடிக்கு அளவான ஆழம். நீர் ஏஸ் ஜோடி வைத்திருக்கிறீர் என்று அவருக்குத் தெரியும், அவர் என்ன வைத்திருக்கிறார் என்று உமக்குத் தெரியாது, முதலில் பேச வேண்டியவரும் நீர். ஃப்ளொப்பில் 10-9-6 விழுந்தால் என்ன செய்வீர்? அந்த ஆழத்தில் சின்னம் சேராத ஏஸ்-ஏஸ்-8-3ஐ நான் வெறும் கோல் பண்ணித்தான் ஆடுவேன். ஏஸ் விழுந்தால் பார்க்கலாம், விழாவிட்டால் விட்டுவிடலாம். ஏஸ்-ஏஸ்-ஜாக்-10, இரண்டு சின்னமும் சேர்ந்தது என்றால் அங்கேயும் ஏற்றுவேன்.

ஆனால் உம்மிடம் இருந்தது 25. 11க்கு ஏற்றியிருந்தால் பின்னால் 14தான், பொட்டோ 22.5. ஃப்ளொப் என்ன விழுந்தாலும் அநேகமாக நீரே அந்த 14ஐ முதலில் தள்ளலாம், அவர் தள்ளினாலும் 28 சதவீதம் இருந்தால் கோல் பண்ணலாம். கடினமான முடிவு ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. வெறும் கோல் பண்ணியதால் பொட் 7.5, பின்னால் 21.5, முதலில் பேச வேண்டிய இடம்.  ஏஸ் ஜோடி ஆகப் பலமாக இருப்பது ஃப்ளொப் விழுவதற்கு முன், ஒரே ஒருவருக்கு எதிராக. அந்த நேரத்தில் ஸ்டாக்கில் ஏறக்குறையப் பாதியைப் போடச் சந்தர்ப்பம் இருந்தால் சின்னம் சேராத ஏஸ்-ஏஸ்-8-3 ஆனாலும் போட்டுவிட வேண்டும். அந்தக் கோல் பிழை, தம்பி. அடுத்த தடவை 25 பிளைண்டில் அதே கை வந்தால் யோசிக்காமல் முழுப் பொட் ஏற்றும்.